பிடித்தவன் கையில் மீன்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஐந்து போட்டோக்கள் மாட்டியிருந்தன. ஐந்திலும் டாக்டர் சிரித்துக்கொண்டு நின்றார். ஐந்திலும் அவர் கையில் ஒரு விரால் இருந்தது, ஒன்றைவிட ஒன்று பெரிதாக. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அந்த மீன்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வலியை மறப்பார்கள். உள்ளே கூப்பிட்டதும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அதெல்லாம் நீங்க பிடிச்சதா டாக்டர்?"

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றியபடியே, "வாயை நல்லாத் திறங்க," என்பார். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

ஜன்னல் இல்லாத பின்னறையில் அவருடைய சகலை வேலை செய்தான். அக்காவைக் கட்டியவர் டாக்டர், தங்கையைக் கட்டியவன் இவன். மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை, இவன் சின்ன மாப்பிள்ளை. நாமும் இவனைச் சின்னவன் என்றே சொல்லலாம். டாக்டர் அளவெடுத்து அனுப்பும் ஈறுகளுக்குப் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் பல்வரிசை அடுக்கி, பல்செட் கட்டித் தருவது இவன் வேலை. நோயாளிகள் இவன் முகத்தைப் பார்த்ததில்லை. புதுப் பல்லோடு கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டு, "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் டாக்டர்," என்று அவர்கள் சொல்வது மட்டும் சுவர் வழியாகக் கேட்கும்.

அந்த ஐந்து விரால்களையும் பிடித்தவன் சின்னவன்.

ஏழு வருடத்துக்கு முன் டாக்டர் மீன்பிடி கிளப்பில் சேர்ந்தபோது, படகு ஓட்ட ஆள் வேண்டும் என்று இவனைக் கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே பெரிய ஏரி. ஆழம் அதிகமில்லை, ஆனால் பாதிக்கு மேல் பாசியும் அல்லி இலையும் கோரையும் மண்டிக் கிடக்கும். காற்று நிற்கவே நிற்காது. புழுவோ மாவோ வைத்துப் பிடிப்பவர்களைக் கிளப்பில் சேர்ப்பதில்லை. பொய் இரைதான். ரப்பரிலோ மரத்திலோ செய்த தவளையைப் பாசிமேல் வீசி, உயிருள்ளதுபோலத் தத்தித் தத்தி இழுத்து வர வேண்டும். கீழே பதுங்கியிருக்கும் விரால் பாசியைக் கிழித்துக்கொண்டு வந்து அடிக்கும்.

டாக்டருக்கு அது கடைசிவரை கைவரவில்லை. காற்றுக்கு எதிராக உயரத் தூக்கி வீசுவார். தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து, தவளை படகுக்குப் பத்தடி தள்ளி விழும். ரீலில் நரம்பு குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கை எடுத்து எடுத்தே சின்னவன் வீசக் கற்றுக்கொண்டான். தூண்டில் கோலைத் தாழப் பிடித்து, பக்கவாட்டில், தண்ணீரை உரசுவதுபோல வீசினால் காற்றால் ஒன்றும் செய்ய முடியாது. மெழுகு சீவும் கத்தியால் தானே மரத்தவளைகள் செதுக்கினான். பாசியில் மாட்டாதபடி தூண்டில் முட்கள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும்.

முதல் பெரிய மீனை இவன் படகில் ஏற்றியபோது டாக்டர் கையை நீட்டினார். "குடு தம்பி. போட்டோவுக்கு நான் பிடிச்சுக்கறேன்."

கொடுத்தான். கரைக்கு வந்ததும், யார் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் கையில் இருந்தது, அவ்வளவுதான். போட்டி நாளில் படகுக்கு ஒரு சீட்டு, அதில் ஒரு பெயர்தான் எழுதுவார்கள். மற்றவர் துணையாள். கோரைக்குள் போய்விட்டால் எந்தப் படகில் யார் வீசுகிறார்கள் என்று பார்க்க வழியில்லை. நாளாக ஆக, கிளப்பில் இவனுக்குத் 'துடுப்பு' என்று பெயர் விழுந்தது. "துடுப்பு, அந்த டீயை எடு." "டாக்டர், உங்க துடுப்பை ஒரு நாள் எங்களுக்கும் கடன் குடுங்க."

ஒரே ஒரு தடவை பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தான்.

"நிஜமாவா?" என்று கேட்டாள். பிறகு, "நீங்க பிடிச்சதுன்னா ஏன் யார்கிட்டயும் சொல்லல? அத்தான் உங்களுக்கு வேலை குடுத்திருக்கார். அவர் மேல இப்படிப் பழி போடாதீங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் டாக்டர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மாமனாரும் வந்திருந்தார். இரண்டு வருடமாகப் பெரிய மீன் டாக்டருடையது. மூன்றாவது முறையும் ஜெயித்தால் அவர்தான் கிளப் தலைவர் என்று பேச்சு. டாக்டர் போன வருடத்து மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் கோல் இருப்பதுபோல மணிக்கட்டைச் சொடுக்கிக் காட்டினார். "கவ்வினதும் இழுக்கக் கூடாது மாமா. ரெண்டு மூச்சு பொறுக்கணும். அப்புறம் ஒரே வெட்டு." சின்னவன் படகில் சொன்ன வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் ஒண்ணு பிடிச்சுக் காட்டக் கூடாதா சின்ன மாப்பிள்ளை? கூடவே போறீங்களே."

"அவரை விடுங்க மாமா," என்றார் டாக்டர். "அவருக்கு உயிர் உள்ளதைப் பார்த்தாலே கை நடுங்கும். மெழுகுதான் அவருக்குச் சரி. கடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். பெண்டாட்டியும் சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள், அக்காவின் தோளில் சாய்ந்து. சின்னவன் தட்டிலிருந்ததை மென்று விழுங்கினான். வீட்டுக்கு வரும் வழியில், "எதுக்கு அப்படிச் சிரிச்சே?" என்று கேட்டான்.

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்," என்றாள். "அதுக்கும் உங்ககிட்ட கேக்கணுமா?"

மறுநாள் காலையிலேயே காற்று கிளம்பிவிட்டது. கரையில் பன்னிரண்டு படகுகள். எடை போடுபவர் ஊரில் கசாப்புக்கடை வைத்திருப்பவர். உடம்பு பெரியது, குரலும் அப்படித்தான். ஒரு பெட்டிமேல் ஏறி நின்று சொன்னார்:

"பக்கத்து ஏரியில போன மாசம் மீன் வயித்துல ஈயத்தைத் திணிச்சு எடை காட்டியிருக்கான் ஒருத்தன். கேள்விப்பட்டிருப்பீங்க. அதனால இந்த வருஷம் புது வழக்கம். முதலிடத்துக்கு வர்ற மீனோட வயித்தைத் தடவிப் பார்ப்பேன். சந்தேகம் வந்தா அங்கேயே கிழிப்பேன். என் கத்தியைப் பத்தி உங்களுக்கே தெரியும்."

"நம்ம கிளப்ல அப்படி யாருங்க இருக்கா?" என்றார் டாக்டர். "தாராளமாப் பாருங்க." எல்லோரும் தலையாட்டினார்கள்.

பத்து மணிவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அலை படகைக் குறுக்காகத் தள்ளிக்கொண்டே இருந்தது. சின்னவன் துடுப்புப் போட்டுப் போட்டு, மேற்கே கோரைக்குள் ஒதுங்கிய ஒரு குடாவுக்குள் படகை நுழைத்தான். அங்கே காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு கைக்குட்டை அளவுத் தண்ணீர் மட்டும் கொதிப்பதுபோலக் குமிழியிட்டது. சிவப்பாக, பொடிப்பொடியாக, ஆயிரக்கணக்கில் விரால் குஞ்சுகள். மூச்சு விட மேலே வந்து வந்து போயின.

"குஞ்சுக் கூட்டம் அண்ணே. கீழ தாய் மீன் நிக்கும். வேற இடம் போவோம்."

"ஏன்?"

"குஞ்சோட இருக்கிறதைப் பிடிக்கக் கூடாதுண்ணே. அது பசிக்குக் கடிக்காது. பக்கத்துல எது வந்தாலும் அடிக்கும். தாயை எடுத்துட்டா ஒரு மணி நேரத்துல மத்த மீனெல்லாம் வந்து இத்தனையையும் தின்னுரும்."

"ரூல்ல இருக்கா?"

"ரூல்ல இல்ல."

"அப்புறம் என்ன? உன் பிள்ளையா அதெல்லாம்?" டாக்டர் கோலை எடுத்தார். "நானே போடறேன். கண்ணுக்கு முன்னால இருக்கு, இதுகூட முடியாதா எனக்கு?"

எழுந்து நின்று, எப்போதும்போல உயரத் தூக்கி வீசினார். அந்த நேரம் பார்த்துக் காற்று கோரைக்கு மேலாக ஒரு அடி அடித்தது. தவளை பின்னுக்கு வந்தது. சின்னவன் இடது காதில் யாரோ அறைந்ததுபோல இருந்தது. டாக்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்காமலே கோலை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். முள் காது மடலுக்குள் முழுக்க இறங்கியது.

"அண்ணே! விடுங்க! காது!"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இன்னைக்கு முதல் மீன்!" என்றார். நரம்பை உடனே தளர்த்தவில்லை. மீனுக்கு விளையாட்டுக் காட்டுவதுபோல இரண்டு முறை லேசாக இழுத்துப் பார்த்தார். சின்னவன் தலை அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது.

பிறகு இடுக்கியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "வாயை நல்லாத் திறங்க," என்று சொல்லிவிட்டு, தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். நுனியில் எதிர்ப்பல் உள்ள முள் வந்த வழியே திரும்பாது. முன்னுக்குத் தள்ளி, மறுபக்கம் வெளியே வரவைத்து, நுனியை நறுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். டாக்டர் அதைச் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காட்டும் பதவிசு எதுவும் அந்தக் கையில் இல்லை. ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போனது.

"சரி, முடிஞ்சுது. இப்ப நீயே போடு. நேரமாகுது."

"இது வேண்டாம் அண்ணே."

"தம்பி," என்றார் டாக்டர். குரலைத் தாழ்த்தினார். "நேத்து உன் பெண்டாட்டி என் பெண்டாட்டிகிட்ட கேட்டிருக்கா. பின்னறைக்கு இன்னொரு ஆள் வரப்போறான்னு பேச்சு அடிபடுதே, நிஜமான்னு. நான் இன்னும் முடிவு பண்ணல. போடு."

சின்னவன் கோலை வாங்கினான். காது அடித்துக்கொண்டிருந்தது. கோபத்தில் கை நடுங்கும் என்று நினைத்தான், நடுங்கவில்லை. தண்ணீரோடு தண்ணீராகத் தாழ வீசினான். தவளை குஞ்சுகளுக்கு ஒரு முழம் தள்ளி ஓர் அல்லி இலைமேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அவன் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக வீசியதில்லை. இலையிலிருந்து மெல்ல வழுக்கி இறக்கினான். ஒரு தத்து. இன்னொரு தத்து.

தண்ணீர் வெடித்தது.

பசியில் கவ்வும் மீனுக்குத்தான் பொறுக்க வேண்டும். குஞ்சுக்காக அடிக்கும் மீன் விழுங்க வருவதில்லை, துரத்த வருகிறது. அதற்குப் பொறுத்தால் உமிழ்ந்துவிட்டுப் போய்விடும். சின்னவனுக்கு அது தெரியும். பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. அடித்த அந்தக் கணமே வெட்டினான். மீன் பாசிக்குள் பாய்ந்து ஒரு கூடைப் பாசியையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டது. கோல் வளைந்து நின்றது. அவன் விடாமல் சுற்றினான். பாசியும் மீனும் சேர்ந்து ஒரு மூட்டையாகப் படகுக்குள் வந்து விழுந்தன. பாசியை வழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு முழத்தைவிட நீளம்.

டாக்டர் மீனோடு நான்கைந்து போட்டோ எடுத்துக்கொண்டார். எடை போடும்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் அதைத் தண்ணீர்ப் பைக்குள் விட்டு, சின்னவன் காலடியில் வைத்தார். பிறகு படகின் முன்பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து மாமனாருக்கு போன் போட்டார். காற்றில் கேட்கவில்லை என்று கத்தினார். "பிடிச்சிட்டேன் மாமா! ஆமா, நானேதான்! அவரா? அவர் காதைக் குடுத்தார்!"

சின்னவன் குஞ்சுகள் இருந்த இடத்தைப் பார்த்தான். அதற்குள்ளாகவே சுற்றிலும் தண்ணீரில் சின்னச் சின்ன வெட்டுகள் விழத் தொடங்கியிருந்தன. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்தது. சேர்ந்தபோது சின்னதாக இருந்தது.

அவன் பெட்டியில், ஆழம் பார்க்க நரம்பில் கட்டும் ஈயக்குண்டுகள் இருந்தன. கட்டைவிரல் பருமன். கடையில் வாங்கியவை அல்ல. பல்செட்டுக்கு வார்க்கும் பிளாஸ்டர் அச்சில் அவனே வார்த்தவை, அவரைக்கொட்டை வடிவத்தில். கசாப்புக்கடைக்காரர் காலையில் சொன்னது அவன் காதில் மறுபடி ஒலித்தது. பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. பையைத் திறந்து மீனின் தலையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கினான். வாய்க்குள் கை விடுவது அவனுக்குப் பழக்கம்தான், அச்சு வாய்களில். இது இறுக்கியது. பல்வரிசை விரலைக் கீறியது. கத்திப் பிடியால் ஒவ்வொன்றாகத் தொண்டைக்குள் தள்ளினான். மூன்று. மீனின் கண் அவனையே பார்ப்பதுபோல இருந்தது. "கிழிக்கட்டும்," என்று முணுமுணுத்தான். "எல்லார் முன்னாலயும் கிழிக்கட்டும்."

கரைக்கு வந்தபோது மற்றப் படகுகளும் வந்துவிட்டிருந்தன. இந்த மீனுக்குப் பக்கத்தில் வேறெதையும் வைக்க முடியவில்லை. டாக்டர் அதைத் தூக்கித் தராசில் வைத்தார். கைதட்டல். கசாப்புக்கடைக்காரர் தராசு முள்ளைப் பார்த்தார். நீளத்தை அளந்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மீனின் வயிற்றை அழுத்தினார். கைதட்டல் தானாக நின்றது.

"டாக்டர்," என்றார். "கிழிக்கவா?"

"கிழிங்க. அதுக்கென்ன?" என்றார் டாக்டர். நிஜமாகவே ஒன்றும் தெரியாத முகம்.

கத்தி தொண்டையிலிருந்து கீழே ஓடியது. கசாப்புக்கடைக்காரர் இரண்டு விரலை உள்ளே விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்துத் தராசுத் தட்டில் போட்டார். டணங், டணங், டணங். எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

சின்னவன் அவர் முகத்தைப் பார்த்தான். முதலில் அது வெளுத்தது. உதடு ஒருமுறை திறந்து மூடியது. இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று அவன் நினைத்தான். டாக்டர் தட்டிலிருந்து ஒரு குண்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வழவழப்பை, அந்த அவரைக்கொட்டை வடிவத்தை. பிறகு தலையை நிமிர்த்தினார்.

"நான் ஒரு உண்மையைச் சொல்லணும்," என்றார். "இந்த மீனைப் பிடிச்சது நான் இல்ல. என் சகலை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"இது மட்டும் இல்ல. போன வருஷம் பிடிச்சது, அதுக்கு முந்தின வருஷம் பிடிச்சது, என் கிளினிக்ல தொங்குற அஞ்சும் இவர் பிடிச்சதுதான். எனக்கு ஒழுங்கா வீசவே வராது. சொந்தக்காரர், ஆசையா என் பேர்ல குடுத்தார், நானும் வெக்கமில்லாம வாங்கிக்கிட்டேன். அது என் தப்பு. அதுக்கு நீங்க என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன். ஆனா இந்த ஈயம்," குண்டை உயர்த்திக் காட்டினார், "இது எங்க பின்னறை அச்சுல வார்த்தது. இப்படி ஒரு காரியம் நடக்குதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

கசாப்புக்கடைக்காரர் சின்னவன் பக்கம் திரும்பினார். "துடுப்பு. பிடிச்சது நீயா?"

எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேள்விக்காக அவன் கரையில் நின்றிருக்கிறான்! யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை.

"ஆமா," என்றான். சத்தமாக வந்தது. "நான்தான். எல்லாமே நான்தான்."

"ஈயம்?"

டாக்டர்தான் போட்டார் என்றால், பிடித்தது நான் என்பதையும் நம்ப மாட்டார்கள். விரலில் மீன் பல் கீறிய கோடுகள் சிவப்பாகத் தெரிந்தன. கையைப் பின்னால் மறைத்தான். மறைத்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"பெரிய மனுஷன்யா டாக்டர்," என்று யாரோ சொன்னார்கள். "வேற எவனாவது இப்படி ஒத்துக்குவானா?" இன்னொருவர் டாக்டரின் தோளைத் தட்டினார். சின்னவனிடம் ஏன் செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காதில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

கசாப்புக்கடைக்காரர் தராசிலிருந்து மீனைத் தூக்கினார். விரால் சீக்கிரம் சாகாது. வெளிக்காற்றை மூச்சாக இழுத்துக்கொண்டு வெகுநேரம் கிடக்கும். வயிறு திறந்து தொங்க, அது இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதை அவன் கையில் திணித்தார்.

"பிடிச்சவன் கையிலதானே மீன் இருக்கணும்? நிமிர்ந்து நில்லு. எல்லாரும் போட்டோ எடுத்துக்கோங்கப்பா."

எடுத்தார்கள். "சிரி துடுப்பு," என்றார்கள். குடல் அவன் முழங்கை வழியாக வழிந்தது. மீனின் வாய் அவன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியவில்லை. நடுவில் ஒருவர் அவன் பெட்டியைத் திறந்து மரத்தவளைகளைப் பார்த்தார். "அருமையான வேலைப்பா," என்று ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் ஒன்று. பிறகு வரிசையாக. பெட்டி காலியானது. இனி ஆயுசுக்கும் அவன் அந்த ஏரியில் தூண்டில் தொடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

திரும்பும்போது காரில் டாக்டர் சாதாரணமாகக் கேட்டார்.

"எப்ப போட்டே?"

"நீங்க மாமாகிட்ட பேசும்போது."

டாக்டர் தலையாட்டினார். கோபம் தெரியவில்லை. "நல்லாத்தான் யோசிச்சிருக்கே. அச்சு யாருதுன்னுதான் யோசிக்கல." சிக்னலில் வண்டியை நிறுத்தினார். "நாளைக்கு வேலைக்கு வந்துரு. மூணு செட்டு பாக்கி இருக்கு. உன்னை நிறுத்திருவேன்னு நினைச்சியா? நிறுத்த மாட்டேன் தம்பி. நீ எங்க போவே?"

அந்த வாரக் கூட்டத்தில், துணிந்து உண்மை பேசியவர் என்று டாக்டரை ஒருமனதாகக் கிளப் தலைவர் ஆக்கினார்கள்.

ஐந்து போட்டோக்களையும் அவரே சுவரிலிருந்து கழற்றி, ஒரு பையில் போட்டு, சின்னவன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "இதெல்லாம் உன்னோடதுதானே. என்கிட்ட எதுக்கு?" என்றார். வாசலோடு போய்விட்டார்.

பெண்டாட்டி ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். சின்னவன் எதிரில் நின்றான். இவள் ஒருத்தியாவது இப்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான்.

"அப்ப நிஜமாவே நீங்கதான் பிடிச்சிருக்கீங்க."

"அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க," என்றாள். அவள் விரல் முதல் மீனின் வயிற்றில் போய் நின்றது. "அஞ்சுக்கும் ஈயம்தானா?"

அவன் வாயைத் திறந்தான். என்ன சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். வெளியே அவள் அக்காவுக்கு போன் பண்ணி, "மன்னிச்சிருங்கக்கா, அத்தான் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்," என்று அழுவது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, டாக்டர் பின்னறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துரு. தலைவர்னு ஆனப்புறம் வாரா வாரம் போகாம இருக்க முடியாது."

சின்னவன் மெழுகிலிருந்து தலையைத் தூக்கினான். "எனக்குத் தடை இருக்கே டாக்டர்."

"தூண்டிலுக்குத்தானே தடை? துடுப்புக்கு யார் தடை போட்டா?" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

போனான். "போயிட்டு வாங்க, இப்பவாவது அவர் மனசு குளிரட்டும்," என்று பெண்டாட்டிதான் அனுப்பி வைத்தாள். அன்றைக்கும் காற்று சுழற்றியது. கரையில் நின்றவர்கள் டாக்டருக்கு வணக்கம் சொன்னார்கள். இவனைப் பார்த்ததும் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். இவன் துடுப்பைப் போட்டான்.

நடு ஏரியில் டாக்டர் எழுந்து நின்று, கோலை உயரத் தூக்கினார்.

"எந்தப் பக்கம்டா போட?"

சின்னவன் தண்ணீரைப் பார்த்தான். இடப்பக்கம், இருபது அடி தள்ளி, அல்லி இலைகள் காற்றுக்கு எதிராக அசைந்தன. கீழே பெரிய உடம்பு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு குருடன்கூட அங்கே வீசிப் பிடித்துவிடுவான்.

"வலப்பக்கம்," என்றான்.

வலப்பக்கம் வெறும் பாசி. டாக்டர் வீசினார். மாட்டிக்கொண்டது. சின்னவன் துடுப்புப் போட்டுப் போய் எடுத்துவிட்டான்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்."

மறுபடி மாட்டியது. மறுபடி போய் எடுத்துவிட்டான். டாக்டருக்கு வியர்த்தது, திட்டினார், உள்ளங்கையில் நரம்பு அறுத்து ரத்தம் வந்தது. சின்னவன் பொறுமையாகப் பாசியை வழித்து, சிக்கை எடுத்து, தவளையை அவர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தான். மத்தியானம் ஆனது. சாயங்காலம் ஆனது. ஏரி முழுக்க மீன் இல்லாத இடம் எது எது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த இடங்களுக்கே அவரைக் கூட்டிப்போனான்.